தீம் பார்க் போகும் நாள்: எதைத் திட்டமிடுவது, எதை விட்டுவிடுவது

மன்னார்குடியில் இருக்கிற எங்களுக்குப் பெரிய தீம் பார்க் என்றால் ஒரு ராத்திரி ரயில் தூரம். "இன்னிக்குக் கூட்டமா இருக்கு, அடுத்த ஞாயிறு வந்துக்கலாம்" என்று சென்னைக்காரர்கள் திரும்பிப் போவதுபோல நாம் போக முடியாது. சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட பணம் வந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, எல்லாருக்கும் ஒன்றாக லீவு அமையும் அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிப்பது என்பது நிஜமாகவே யோசிக்க வேண்டிய விஷயம்.

எங்கள் குடும்பத்தில் இதில் இரண்டு கட்சி. என் நாத்தனார் வங்கியில் வேலை பார்க்கிறவர். அரை மணிக்கு ஒன்றாக எந்த விளையாட்டு, எப்போது சாப்பாடு என்று அட்டவணை போட்டு ஒரு வாரம் முன்பே குடும்ப வாட்ஸப் குரூப்பில் அனுப்பிவிடுவார். கொழுந்தனார் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். "போய் இறங்குவோம் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். இரண்டு பேரோடும் போய்ப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாகப் புரிந்தது இதுதான்: போகும் நாள், போய்ச் சேரும் நேரம், உள்ளே முதல் இரண்டு மணி நேரம், வெளியே வரும் நேரம், இவை நான்கையும் கறாராக முடிவு செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற பொழுதில் யாரும் கை வைக்கக் கூடாது.

நாளைத் தேர்ந்தெடுப்பது

மற்ற எல்லாத் திட்டத்தையும்விட இதுதான் முக்கியம். தவறான நாளில் போனால் எவ்வளவு நல்ல அட்டவணையும் உதவாது. காணும் பொங்கல், மே மாதத்து ஞாயிறுகள், தீபாவளியை ஒட்டிய விடுமுறை, இந்த நாட்களில் போகவே வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

ஆனால் பள்ளி வேலைநாளில் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது? இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: உள்ளூர் விடுமுறை. தஞ்சாவூருக்குப் பெரிய கோயில் சித்திரைத் தேர், திருவாரூருக்கு ஆழித்தேர், நாகப்பட்டினத்துக்கு நாகூர் கந்தூரி, மயிலாடுதுறைக்கு ஐப்பசிக் கடைமுகம் என்று அந்தந்த மாவட்டத்துக்கு மட்டும் லீவு விடுவார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். இந்த நாட்கள் வாரத்தின் நடுவில் வந்தால், அன்று சென்னையில் எல்லாரும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போயிருப்பார்கள். பூங்கா காலியாக இருக்கும்.

எனக்கு ஆழித்தேர் அன்று திருவாரூரை விட்டு எங்கும் போக மனம் வராது. வடம் பிடிக்கிற நாளில் ராட்டினத்தில் போய் உட்கார என்னால் முடியாது, பிள்ளைகளையும் அனுப்ப மாட்டேன். கடைமுகமும் கார்த்திகை பிறப்பதற்கு முதல் நாள், அடைமழைக் காலம். மழையிலும் இடியிலும் பெரிய ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஆகவே உங்கள் மாவட்டத்து லீவு எது, அந்த விழா உங்களுக்கு எவ்வளவு நெருக்கம், அப்போது மழையா வெயிலா என்று மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழி நான் மிகவும் நம்புகிற வழி. கர்நாடகத்தில் மே மாதக் கடைசியிலேயே பள்ளி திறந்துவிடுவார்கள். நமக்கு ஜூன் பிறந்த பிறகுதான். அந்த இடைவெளியில், வாரநாளில், பெங்களூரு வொண்டர்லாவுக்குப் போகலாம். அது மைசூர் சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, 2005ல் திறந்தது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் பெங்களூரு. குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கும் வீடுகளுக்கு மட்டும் இது கொஞ்சம் சிரமம். மேட்டூர் ஜூன் 12க்குத் திறக்கிற வருஷத்தில் எங்கள் வீட்டு ஆண்களைக் கிளப்பவே முடியாது.

போய்ச் சேர்வது

2025 டிசம்பரில் திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு நமக்கு வேலை சுலபமாகிவிட்டது. மன்னை எக்ஸ்பிரஸோ உழவனோ பிடித்து எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வேன் வைத்துக்கொண்டால் நகர நெரிசலுக்குள் போக வேண்டியதே இல்லை. ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் எடுக்க முடியும். அந்த நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

ரயில் விடியற்காலையில் விட்டுவிடும். பூங்கா திறக்க இன்னும் பல மணி நேரம் இருக்கும். தாம்பரத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு அறை எடுத்துக் குளித்து, திருப்போரூர் கந்தசாமி கோயிலில் சாமி கும்பிட்டு, லேசாக டிபன் சாப்பிட்டுப் போனால் சரியாக இருக்கும். எங்கள் அத்தைக்கு அந்த நாளின் பாதிச் சந்தோஷம் அந்தக் கோயிலிலேயே கிடைத்துவிடுகிறது. பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் இருக்க வேண்டும், இதில் மட்டும் கொழுந்தனாருக்குக்கூட நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. பிள்ளைகளின் உயரத்தை நிலைப்படியில் வைத்து அளந்துகொள்ளுங்கள். பல பூங்காக்களில் டிக்கெட்டும் உயரத்தை வைத்துத்தான், வயதை வைத்து இல்லை. பெரிய ராட்டினங்களுக்கு 140 செ.மீ. வரை கேட்பார்கள். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளையை, அளவுகோலுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறான் என்று திருப்பி அனுப்புகிறபோது அந்த முகத்தைப் பார்க்க முடியாது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஊரிலேயே சொல்லிவிடுவது நல்லது. தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி, புடவை, சுடிதார் எதுவும் கூடாது. நைலான் அல்லது பாலியஸ்டர் உடைதான். அங்கே வாங்கினால் விலை அதிகம், கிளம்பும் முன் ஊரில் கடைத்தெருவிலேயே வாங்கிவிடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டைக் காட்டினால் சலுகை தரும் பூங்காக்கள் உண்டு, அதையும் எடுத்துவையுங்கள்.

முதல் இரண்டு மணி நேரம்

ஏன் இரண்டு மணி நேரம்? கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு ராட்டினத்தில் 24 பேர் உட்காரலாம், ஏற்றி இறக்கிச் சுற்ற 3 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 480 பேர். அதற்கு மேல் அந்த இயந்திரத்தால் முடியாது, யார் என்ன செய்தாலும். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால் ஏழெட்டு நிமிஷத்தில் ஏறிவிடலாம். 720 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம். காலையில் வாசல் வழியாக ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள், யாரும் வெளியே போக மாட்டார்கள். நடுப்பகலுக்குள் எல்லா வரிசையும் நிரம்பிவிடும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிற நேரம் மாதிரிதான் இந்தக் காலைப்பொழுது. வரும்போது பாய்ச்சிக்கொள்ள வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் வந்த கூட்டம் முதலில் கண்ணில் படுகிற விளையாட்டில் மொத்தமாகப் போய் நிற்கும். அதைத் தாண்டி நடங்கள். கோடியில் இருக்கிற பெரிய ராட்டினத்துக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் நுழைவாயில் ஊழியரிடம் ஒரு கேள்வி: "எது எது எத்தனை மணிக்குத் திறக்கும்?" ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு நேரம் இருக்கும், தண்ணீர்ப் பக்கம் தாமதமாகத்தான் திறப்பார்கள். இந்தப் பதிலை வைத்து அங்கேயே நின்று மூன்று விளையாட்டுகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று போதும்.

இள்ளலூரில் அந்த முதல் இடம் தஞ்சோரா என்கிற ரோலர் கோஸ்டருக்கு. தஞ்சாவூரை நினைவூட்டும் அந்தப் பெயரே நமக்கு ஒரு சொந்தம்தான். தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், கால் கீழே தொங்கும். இதில் ஏறும் முன் வயிறு கனமாக இருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு அப்புறம் தலைகீழாகச் சுற்றுவது பெரியவர்களுக்கே ஆகாது. ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. உலர்ந்த விளையாட்டுகளை முதலில் முடித்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை நனைந்துவிட்டால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுக்க முடியாது.

வரிசையைத் தாண்டிப் போகிற விரைவு டிக்கெட் வாங்கலாமா? நான் சொன்ன மாதிரி வாரநாளில் காலையில் போனால் தேவையே இல்லை. வேறு வழியில்லாமல் விடுமுறை ஞாயிற்றில் போய் மாட்டிக்கொண்டால், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்கள். மொத்தக் குடும்பத்துக்கும் வாங்குவது வீண் செலவு. அத்தையும் கைக்குழந்தையும் எந்த வரிசையிலும் நிற்கப்போவதில்லை.

நடுப்பொழுது

சரி, மூன்று பெரிய ராட்டினமும் முடிந்தது. இனி அட்டவணையை மடித்து வைத்துவிட வேண்டும். இதை நாத்தனாரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கொஞ்சம் காலம் ஆயிற்று.

அவருடைய கடைசி மகன் ஒரு தடவை குழந்தைகளுக்கான குதிரை ராட்டினத்தை விட்டு இறங்க மறுத்தான். மெதுவாகச் சுற்றும் சின்ன ராட்டினம், வரிசையும் இல்லை. இறங்குவான், ஓடிப்போய் மறுபடி ஏறுவான், ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளைக் குதிரை. அவர் கையில் இருந்த தாளில் அந்த நேரத்துக்கு வேறு இரண்டு விளையாட்டு எழுதியிருந்தது. "காசு குடுத்து இவ்வளவு தூரம் வந்து இதுலயேவா?" என்றார். "அண்ணி, அவனுக்கு இதுதான் தீம் பார்க். விடுங்க" என்றேன். இன்றும் அந்தப் பிள்ளையிடம் கேட்டால் அந்தக் குதிரையைத்தான் சொல்கிறான். எத்தனை விளையாட்டு முடித்தோம் என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் நடுப்பொழுதில் வரவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பயப்படுகிற பிள்ளையை "ஒண்ணும் ஆகாது, ஏறு" என்று தள்ளாதீர்கள். பெரிய பிள்ளைகளைத் தனியாக விடுங்கள்; ஆனால் கூடுமிடம் ஒன்று, மணி ஒன்று சொல்லிவிடுங்கள். தண்ணீர்ப் பக்கம் போகிறவர்களிடம் செல்போன் லாக்கரில் இருக்கும், கூப்பிட முடியாது. நிழலும் பெஞ்சும் இருக்கிற ஒரு உணவுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து அத்தையை அங்கே உட்கார வைத்து, அதையே கூடுமிடமாக்கிவிடுவோம். முறை வைத்து ஒருவர் அவர்கூட இருப்போம். மற்றபடி யார் எங்கே போனாலும் சரி. வெயில் கடுமையாக இருந்தால் அலைக்குளத்திலேயே மத்தியானம் முழுக்கக் கிடக்கட்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற விஜிபி மாதிரிப் பழைய இடங்களுக்கு இவ்வளவு ஏற்பாடே வேண்டாம். சென்னையில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அப்படியே கிளம்பிப் போகலாம்.

வெளிநாட்டில் கணக்கு வேறு. திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்குப் போய் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்கிறார்கள். அங்கே தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்குச் சில ராட்டினங்களில் தனி வரிசை உண்டு. காலி இருக்கையில் ஒருவராக உட்கார வைப்பார்கள், சீக்கிரம் நகரும். வயசுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு பார்க்கிறவர்கள் நாத்தனாரைப் போலத்தான் இருக்க வேண்டும். 1999ல் அங்கே இலவசமாகத் தொடங்கிய முன்பதிவு வரிசை முறை 2021லிருந்து கட்டணமாகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து, டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். போய் இறங்கி யோசிக்கலாம் என்று இருந்தால் நல்ல நேரமெல்லாம் போயிருக்கும். அங்கேகூடச் சாப்பாட்டுக்குப் பிறகு எதையும் பதியாமல் விடுங்கள் என்பேன்.

வெளியே வருவது

மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாரும் கூடுமிடத்துக்கு வந்துவிட வேண்டும். கடைசியில் உடை மாற்றும் அறையிலும் லாக்கர் சாவி கொடுக்கிற இடத்திலும்தான் பெரிய கூட்டம். ஈரத் துணிக்குத் தனிப் பை, உலர்ந்த துண்டு தலைக்கு ஒன்று. வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்பதால், ராத்திரிக்கு இட்லியும் தயிர்சாதமும் வரும் வழியில் கேளம்பாக்கத்தில் கட்டி வாங்கிக்கொள்வோம். திரும்பும் ரயிலும் தாம்பரத்திலிருந்தே. டிக்கெட் எடுக்கும்போது அத்தைக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கு மேலே. மறுநாள் பள்ளி உண்டு என்றால் சீருடையை முதல் நாளே தேய்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.