இன்டீரியர் வேலையில் பொருளை விற்கும்போது பில் போடுவது எப்படி?

இன்டீரியர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கொட்டேஷனைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். பில் போடும்போது மட்டும் "ஹால், படுக்கையறை இன்டீரியர் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாக்கிப் பணத்துக்கோ சேதத்துக்கோ பேச்சு வந்தால் அந்த ஒரு வரி இரண்டு தரப்புக்கும் உதவாது. நான் பில் போடும் முறையை இங்கே எழுதுகிறேன். ஜிஎஸ்டி பதிவு வாங்கியவர்களுக்கான முறை இது. பதிவு இல்லாதவர்கள் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

படி 1: மூன்றாகப் பிரியுங்கள்

டிசைன் கட்டணம் தனி. சோபா, டேபிள், விளக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருட்கள் தனி. ஃபால்ஸ் சீலிங், சுவர் பேனல் மாதிரி கட்டடத்தோடு சேர்ந்துவிடும் வேலை தனி. கடைசியாகச் சொன்னது சட்டப்படி ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், அதாவது சேவை.

பெரும்பாலும் எல்லாமே 18 சதவீதம்தானே, எதற்குப் பிரிக்க வேண்டும் என்று தோன்றும். அட்வான்ஸ்தான் காரணம். சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால் வாங்கிய மாதக் கணக்கிலேயே அதற்கு வரி கட்ட வேண்டும். பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு அப்போது வரி இல்லை, பில் போடும்போது கட்டினால் போதும். பிரிக்காமல் மொத்தமாக வாங்கினால் கையிலிருக்கும் பணம் தேவைக்கு முன்பே வரியாகப் போய்விடும். அப்புறம், முழுக்க மூங்கிலிலோ பிரம்பிலோ செய்த ஃபர்னிச்சருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.

படி 2: பொருளை வர்ணியுங்கள்

பில் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் ஒருமுறைதான் வர வேண்டும். பில்லில் போடும் ஜிஎஸ்டி வகைக் குறியீடு (HSN/SAC) டிசைன் சேவைக்கு 998391, உட்காரும் ஃபர்னிச்சருக்கு 9401, மற்ற ஃபர்னிச்சருக்குப் பெரும்பாலும் 9403. சோபாவுக்கு 9403 போடுகிறவர்கள் நிறையப் பேர், கவனியுங்கள்.

"சோபா – 1" என்று எழுதுவது பில்லே அல்ல. எத்தனை இருக்கை, என்ன மரம், ஃபோம் டென்சிட்டி, துணிக்கு அதன் நிறுவனம் கொடுத்த எண், அளவு எல்லாம் இருக்கட்டும். பொருள் வண்டியில் ஏறும் முன்பே பில் தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்பினாலும் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு அனுப்புவதற்காக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும்.

எண் தானாக ஓடும் மென்பொருளே என் விருப்பம். ஜோஹோ இன்வாய்ஸ் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். உங்கள் ஆடிட்டர் டேலியில் பார்ப்பவர் என்றால் டேலி. வேர்டில் பழைய பில்லைக் காப்பி அடித்துத் திருத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே எண் இரண்டு பில்லில் வருவது அங்கேதான்.

படி 3: பொருள் எப்போது அவர்களுடையது ஆகிறது?

எனக்குப் புரியவே நாளான இடம் இது. பொருள் விற்பனைச் சட்டம், 1930 சொல்வதைப் பாருங்கள். தயாராக இருக்கும் ஒரு குறிப்பிட்ட டேபிளை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்து, நிபந்தனை எதுவும் இல்லாமல் விலை பேசி முடித்துவிட்டால், அந்த நிமிடமே அது அவருடையது (பிரிவு 20). பணம் பாக்கி இருந்தாலும் சரி, கிரகப்பிரவேசம் வரை நம் குடோனிலேயே கிடந்தாலும் சரி. "பாலிஷ் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் கதை வேறு. பாலிஷ் முடிந்து அவருக்குத் தகவல் போகும்வரை அது நம்முடையது (பிரிவு 21).

இதைத் தவிர்க்கப் பலரும் "முழுப் பணம் வரும்வரை உரிமை எங்களுடையதே" என்று சேர்க்கிறார்கள். நல்லதுதான், பிரிவு 25 அதற்கு இடம் தருகிறது. ஆனால் பிரிவு 26-ஐயும் சேர்த்துப் படியுங்கள். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், உரிமை யாரிடமோ சேதமும் அவர் தலையில்தான். அந்த ஒரு வரியோடு நிறுத்தினால், அவர்கள் வீட்டு ஹாலில் கிடக்கும் சோபா மழைத்தண்ணீரில் ஊறினாலும் நஷ்டம் நமக்கு! அதனால் இரண்டு வரியாக எழுதுங்கள்:

"முழுத் தொகையும் வந்து சேரும்வரை இப்பொருட்களின் உரிமை விற்பவரிடமே இருக்கும். வீட்டில் இறக்கிக் கையெழுத்தான நேரம் முதல் இழப்புக்கும் சேதத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு."

இது கொட்டேஷனிலேயே இருந்து, அவர்கள் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பேரம் முடிந்தபின் பில்லில் மட்டும் நுழைத்தால் "இதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லையே" என்பார்கள். சுவரில் பதித்துவிட்ட பேனலுக்கு இந்த வரிகளை நம்ப வேண்டாம்; அங்கே கட்டம் கட்டமாகப் பணம் வாங்குவதுதான் வழி.

படி 4: இறக்கும்போது கையெழுத்து

தேதி, நேரம், பொருளின் நிலை. வாட்ச்மேன் கையெழுத்து வேண்டாம், வீட்டார் யாராவது போடட்டும்.

பிற்சேர்க்கை: காரைக்குடிப் பழைய சாமான்கள்

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய ஊஞ்சலையும் கதவையும் வாடிக்கையாளருக்கு விற்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் கடைக்காரரிடம் உங்கள் பெயரில் பில் வாங்குங்கள். விற்க உங்களுக்கு உரிமை உண்டு என்ற உறுதி, நீங்கள் எழுதாவிட்டாலும், உங்கள் விற்பனையில் அடங்கியிருக்கிறது (பிரிவு 14). பழைய பொருளை வாங்கி விற்பவர், வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளாவிட்டால் (இன்புட் எடுக்காவிட்டால்), லாபத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்கிறது ஜிஎஸ்டி விதி 32(5). சின்னச் சின்னப் பழுது பார்க்கலாம். கதவை அறுத்து டைனிங் டேபிள் ஆக்கினால் அந்தச் சலுகை கிடையாது. கட்டடத்திலிருந்து பெயர்த்த 100 ஆண்டுப் பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டம் வந்துவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் அந்தக் கதவுக்கு பில்லே போடாதீர்கள்.