வளர்ந்த பிள்ளைகளோடு ஓகஸ்ட் லீவு: பெற்றோர் வழக்கமாக விடுகிற பிழைகள்

ஓகஸ்ட் வந்தால் யாழ்ப்பாணத்தில் வீடுகள் நிறைந்துவிடும். நல்லூரில் கொடி ஏறுகிற நேரத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று எல்லாப் பக்கமிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். வாடகை வானுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து விறாந்தையில் கொட்டும். இத்தனை சந்தடிக்குள்ளும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். "எல்லாரும் வெளிக்கிட்டாச்சு, இவன் மட்டும் வாறான் இல்லை" என்று தாய் சத்தம் போடுவார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. பத்து வயதில் லீவு என்றால் அப்பா அம்மா கூட்டிப்போகிற இடம், அவ்வளவுதான். இந்த வயதில் பிள்ளையின் நாட்கள் பிள்ளையின் கைக்குப் போய்விட்டன. ரியூசன், சிநேகிதனின் பிறந்தநாள், பின்னேரக் கிரிக்கெட், வீட்டில் சொல்லாத வேறு சில அலுவல்கள். பெற்றோர் விடுகிற பிழைகளில் முக்கால்வாசி, இது இன்னும் பத்து வயதுப் பிள்ளைதான் என்ற நினைப்பிலிருந்து வருகிறவை.

முதல் நாள் இரவு அறிவிக்கிற பயணம்

"விடிய அஞ்சு மணிக்கு வான் வரும், நேரத்தோட படுங்கோ" என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னால் சின்னப் பிள்ளை துள்ளிக் குதிக்கும். வளர்ந்த பிள்ளை ஏற்கெனவே யாருக்கோ சொல்லு கொடுத்திருக்கும். அதை முறித்துக்கொண்டு வானில் ஏறுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி நாள் முழுக்கத் திரிவது யாருக்கும் சந்தோஷமில்லை.

லீவு தொடங்கும்போதே கலண்டரை எடுத்து மேசையில் வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2024இல் தேர் செப்டெம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21. பள்ளிக்கூட லீவோ முன்பு ஒரு மாதம் கிடந்தது, இப்போது சில ஆண்டுகளில் இரண்டு கிழமைகூடத் தேறுவதில்லை. ஆகவே கையில் இருக்கிற நாட்கள் கொஞ்சம்தான். தனக்கு ஏலாத நாட்களைப் பிள்ளை முதலில் அடையாளம் போடட்டும். மிச்சத்தில் குடும்பத்துக்கென்று இரண்டு நாளைக் கேளுங்கள். இரண்டு போதும். ஏழு நாள் கேட்டால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது.

இதில் இன்னொன்று. "எங்கை போவம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எங்கையெண்டாலும்" என்றுதான் பதில் வரும். மணற்காட்டு மணல்மேடா, நெடுந்தீவா என்று இரண்டைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை வாயைத் திறக்கும்.

ஒரே நாளில் ஏழு இடம்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நாட்கள் குறைவு என்பதால் இது நடக்கிறது. காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு, அப்படியே விகாரையையும் பார்த்து, திரும்பும் வழியில் சாட்டிக் கடற்கரை, அங்கிருந்து காரைநகர் கசூரினா கடற்கரை, பின்னேரம் நல்லூர். பிள்ளைக்கு மிஞ்சுவது வானின் கடைசி இருக்கையும் கைபேசியும்தான்.

நெடுந்தீவை இந்தப் பட்டியலில் சேர்ப்பது பெரிய பிழை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், சோளக காலத்தில் கடலும் ஆட்டும். பவளக்கல் அடுக்கிய வேலிகள், வெட்டையில் மேய்கிற குதிரைகள், பெருக்கமரம், கோட்டை இடிபாடு என்று பார்க்க அங்கே ஒரு முழு நாள் வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவை விட நல்ல இடம் இல்லை என்பேன். கடைகள் குறைவு, அவசரம் இல்லை, நடந்து திரியலாம்.

அங்கே போவதென்றால் ஏற்பாட்டைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். படகு நேரம், பஸ்ஸா வானா, அங்கே ஓட்டோவுக்கு எவ்வளவு, மத்தியானச் சாப்பாடு எங்கே, எல்லாவற்றையும் அதுவே விசாரிக்கட்டும். விட்ட பிறகு, பிள்ளைக்குத் தெரியாமல் மாமாவுக்குப் போன் எடுத்துச் சரிபார்க்கக் கூடாது. அது எப்படியும் தெரியவரும், தெரிந்தால் அடுத்த முறை பிள்ளை ஒன்றுக்கும் முன்வராது. நேரம் பிழைத்து ஒரு படகு தவறினால் இறங்குதுறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அடுத்ததுக்கு நில்லுங்கள். திரும்புகிற கடைசிப் படகு மட்டும் விதிவிலக்கு. அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான் தங்க வேண்டும். ஆகவே அந்த நேரத்தைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படகுக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கூழ் குடிக்க மட்டும் கூப்பிடுவது

வீட்டில் நிற்கிற ஒரு நாளுக்கு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழை விட நல்ல சாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் வழமையாக நடப்பது என்ன? தாய் விடியவே எழும்பி நண்டு உடைத்து, இறால் கோது நீக்கி, அடுப்படியில் வேர்த்துக் களைத்து, எல்லாம் முடிந்த பிறகு "கூழ் ரெடி, வாங்கோ" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் வந்து பத்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு "எங்களோட இருந்து கதைக்க இதுகளுக்கு நேரமில்லை" என்று குறை. கதைக்கிற நேரம் கூழ் காய்ச்சுகிற அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் கிடந்தது, அதற்கு ஒருவரும் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை.

காலையில் மீன் வாங்கவே கூட்டிக்கொண்டு போங்கள். பாசையூரோ குருநகரோ, எது கிட்டவோ அது. மீன் தலை, நண்டு, இறால், கணவாய் எல்லாம் பிள்ளையே விலை பேசி வாங்கட்டும். கொஞ்சம் ஏமாந்தாலும் பரவாயில்லை. ஒடியல் மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மேலே தெளிகிற தண்ணீரை வடித்து வடித்து விட்டால்தான் கசப்பு இறங்கும், இது பொறுமை உள்ளவருக்கான வேலை. இன்னொருவர் பயற்றங்காய் முறித்து, மரவள்ளிக்கிழங்கு வெட்டி, பலாக்கொட்டையின் தோலை உரிக்கலாம். செத்தல் மிளகாயை அம்மியில் அரைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் இரண்டு இழுவையோடு நிறுத்திவிடும், அதற்கு மிக்சியே போதும். பானையில் எல்லாம் அவிந்த பிறகு பழப்புளியும் அரைத்த மிளகாயும் மாவும் சேர்த்துக் கரைத்து ஊற்றுகிற கட்டம்தான் முக்கியம். ஒருவர் ஊற்ற மற்றவர் விடாமல் துழாவ வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினாலும் கட்டிபட்டுவிடும். அங்கே அகப்பையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தாய் கதிரையைப் போட்டு இருந்து பார்க்கலாம்.

அப்பப்பா இருந்தால் கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா மடிக்கக் காட்டுவார். முதல் பிளா ஒழுகும், சட்டையில் ஊற்றும். சிரட்டைகளையும் கழுவி வைத்திருங்கள்.

இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளை சொல்கிற விஷயங்கள் முகத்துக்கு நேரே கேட்டால் வராது. சிநேகிதனோடு கதை இல்லாமல் போனது, ரியூசனை மாற்ற நினைப்பது, இயந்திரவியலுக்குப் பதிலாக வேறு ஏதோ படிக்க ஆசை. அப்படி ஒன்று வந்தால் உடனே அறிவுரைக்குப் பாயாமல் துழாவிக்கொண்டே "ம்" என்றால் போதும்.

மச்சாளோடு ஒப்பிடுவது

"பாத்தியா, ஸ்கார்பரோவில இருந்து வந்த மச்சாள் படிச்சுக்கொண்டே பகுதிநேர வேலையும் செய்யிறாள்." இந்த ஒரு வசனம் ஒரு கிழமை லீவைக் கெடுக்கும். மச்சாளும் கூச்சத்தில் நெளிவாள். சாதாரணதரம் எழுதிய பிள்ளை என்றால் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய், உயர்தரம் எழுதிய பிள்ளை என்றால் பல்கலைக்கழகத்துக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் எவ்வளவு வரும் என்று வருகிற போகிற எல்லாரும் கேட்பார்கள். அவர்களைத் தடுக்க முடியாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலாவது லீவு முடியும்வரை அந்தக் கதை வேண்டாம் என்று தகப்பனும் தாயும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாவுக்கு லீவு, தங்கச்சிக்கு வேலை

இதை யாரும் பிழை என்று எண்ணுவதே இல்லை. விருந்தினர் வந்த வீட்டில் அண்ணன் மச்சான்மாரோடு மோட்டார் சைக்கிளில் கசூரினாவுக்குப் போய்விடுவான். தங்கச்சி இருபது பேருக்கு வெங்காயம் உரிப்பாள். அவர்கள் திரும்பி வர, தேத்தண்ணி போடுவதும் அவள்தான். ஏறத்தாழ அதே வயது, அதே பள்ளிக்கூட லீவு. இரவில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் "இந்த வயசு அப்பிடித்தான்" என்று வயதின் மேல் பழி போடுகிறோம்.

பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டில் நின்றால் ஒரு நேரச் சாப்பாட்டைக் கடையில் எடுங்கள். ஆண்பிள்ளைகள் கோப்பை கழுவினால் குறைந்துபோக மாட்டார்கள். கசூரினாவுக்குப் பெண்பிள்ளைகளும் போகட்டும். கரையோரம் நெடுந்தூரம் ஆழமில்லாத கடல்தான், என்றாலும் யாராக இருந்தாலும் ஆட்கள் நிற்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போய்க் குளிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. லைசன்ஸ் எடுத்த மூத்த பிள்ளையை வருகிறவர்கள் எல்லாருக்கும் சாரதி ஆக்குவதும் இதே வகைப் பிழைதான். பலாலி விமான நிலையத்துக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடியே அவன் லீவு தீர்ந்துவிடும்.

நல்லூரில் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பது

பின்னேரத் திருவிழாவுக்கு வீட்டாரோடு வந்து வீட்டாரோடேயே திரும்ப வேண்டும் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது நடக்காத காரியம். அங்கே அதன் வகுப்பே நிற்கும். கோயிலுக்குள் ஒன்றாகப் போய்க் கும்பிடுங்கள். வெளியே வந்ததும் கச்சானுக்கோ ஐஸ்கிறீமுக்கோ சிநேகிதரோடு போகட்டும். மாம்பழத் திருவிழா, சப்பறம், தேர் நாட்களில் சனத்துக்குள் போன் சில வேளை எடுக்காது. அதனால் சந்திக்கிற இடத்தையும் நேரத்தையும் முன்னமே பேசிவிடுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் வாகனம் விடமாட்டார்கள், சைக்கிள் விட்ட இடத்தடியில் என்று வைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் அதைப் பெரிதாக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பிந்தினால் அடுத்த நாள் கதையுங்கள், சிநேகிதருக்கு முன்னால் ஏசாமல்.

"நாங்கள் குப்பி விளக்கில படிச்சனாங்கள்"

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கே உரிய பிழை இது. சண்டைக்காலத்தைப் பற்றிச் சிலர் வாயே திறப்பதில்லை. சிலர் அதைத் தடியாக எடுத்து அடிக்கிறார்கள்: நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், உனக்கு மின்விசிறியும் வைஃபையும் இருந்தும் புள்ளி வருகுதில்லை. அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அந்த விளக்கின் மேலேயே வெறுப்பு வரும்.

உண்மையில் இந்தக் கதைகளைக் கேட்க அவர்களுக்கு ஆசை, பாடமாக வராத வரைக்கும். 2007இல் பிறந்த பிள்ளைக்குச் சண்டை பற்றி ஞாபகமே இராது. ஆனால் அது பிறந்தபோது யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது, சாமான் கப்பலில் வந்தது, கடைக்கு முன்னால் வரிசை. அந்த நாளில் பால்மா எப்படித் தேடினீர்கள், ஊரடங்குக்குள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனீர்கள் என்று சொல்லுங்கள். அது பிள்ளையின் சொந்தக் கதை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதையும் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று திருப்பியும் கேட்பார்கள்.

இடமும் இருக்கிறது. கோட்டைக் கொத்தளத்தில் பின்னேரம் காற்று வாங்கிக்கொண்டு இருக்கலாம். 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் அங்கிருந்து நடக்கிற தூரம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்த வழியில், நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது, "இதாலதான் நடந்தனாங்கள்" என்று ஒரு வார்த்தை போதும். மிச்சத்தைப் பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கைபேசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிடுங்கி அலுமாரியில் வைத்தால் பிள்ளையும் சேர்ந்து அலுமாரிக்குள் போனமாதிரித்தான். சாப்பாட்டு நேரம் தகப்பனின் போனும் மேசையில் இருக்கக்கூடாது என்றால் விதி தானாக வேலை செய்யும்.

இந்த ஆண்டே உயர்தரம் எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. 2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பரில் தொடங்கியது; அப்படியான ஆண்டில் ஓகஸ்ட் லீவு படிப்பின் உச்சக் காலம். அவர்களை நெடுந்தீவுக்கு இழுக்க வேண்டாம், வீடு நிறைய விருந்தினரை வைத்துக்கொண்டு "உள்ளே இருந்து படி" என்று சொல்லவும் வேண்டாம். வருகிறவர்களைச் சித்தப்பா வீட்டிலோ அறை எடுத்தோ தங்கச் சொல்லுங்கள், அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் வந்தாலும். கிழமைக்கு ஒரு பின்னேரம், படிப்பைப் பற்றிக் கேட்காமல், ஒரு ஐஸ்கிறீமுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பெரிய பயணத்தைப் பரீட்சை முடிந்த பிறகு வைக்கலாம். முடிவு வரவும் பல்கலைக்கழகம் கூப்பிடவும் மாதக் கணக்கில் எடுக்கும், நாளுக்குப் பஞ்சமிராது.