மெயினில் இருக்கும் ஃபங்ஷன் மாட்யூலுக்கும் வேண்டுமா?

கோத்தகிரியில் கொழுந்து எடைக் கணக்குக்குப் பைத்தான் எழுதுகிறீர்கள். சாக்கு எடையைக் கழிக்கும் 'நிகர_எடை' ஃபங்ஷன் மெயின் ஸ்கிரிப்டில் இருக்கிறது, பில் போடும் மாட்யூலுக்கும் (மெயின் இம்போர்ட் செய்யும் தனி ஃபைல்) அதுவே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாட்யூலுக்குள் மெயினை இம்போர்ட் செய்துவிடாதீர்கள். நேரடியாக ஓட்டும் ஃபைலுக்குப் பைத்தான் '__main__' என்று வேறு பெயர் வைத்துக்கொள்வதால், ஃபைல் பெயரைச் சொல்லி இம்போர்ட் செய்தால் அதையே புதிதென்று நினைத்து இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டும், அப்புறம் பாதி ஏறிய மாட்யூலில் பெயரைத் தேடி இம்போர்ட் எரரில் நிற்கலாம்.

சரி, வழி? ஃபங்ஷனை 'எடை' என்ற தனி ஃபைலுக்கு மாற்றி அதே ஃபோல்டரில் வையுங்கள் (பைத்தான் 3-இல் தமிழ்ப் பெயரும் செல்லும்). இரண்டு பக்கமும் 'from எடை import நிகர_எடை' போதும்.

ஒரே இடத்தில்தான் தேவை என்றால் மெயினிலிருந்து மாட்யூலின் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இந்த ஃபங்ஷனையே ஆர்க்யுமென்டாக அனுப்புங்கள், பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடாமல்.