மதுரையில் உட்கார்ந்து கடல் சண்டையை எழுதுவது எப்படி

மதுரைக்குக் கடல் கிடையாது. அதனாலோ என்னவோ, சரித்திரக் கதை எழுத உட்காரும் நம்மூர் ஆட்கள் பலரும் கடல் சண்டை என்றதும் மலை மாதிரி அலை, வானத்தைத் தொடும் பாய்மரம், வாளை வாயில் கவ்விக்கொண்டு கப்பல் விட்டுக் கப்பல் தாவும் வீரன் என்று ஆரம்பித்து விடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 1538ல் மண்டபம் பக்கத்து வேதாளையில் போர்த்துக்கீசியருக்கும் கள்ளிக்கோட்டை மரைக்காயர் படைக்கும் நடந்த மோதல்தான் என் கதை. எழுதியதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு பஸ் ஏறினேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அம்புட்டுப் பெரிய கப்பல் இந்தத் தண்ணியில எப்படி நிக்கும், தரை தட்டிருமே" என்றார். அன்றைக்கே நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போட்டேன்.

அதனால் முதல் வேலை, சண்டை நடந்த இடத்துக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பது. பாம்பனைச் சுற்றிக் கடல் ஆழம் குறைவு, மணல் திட்டும் பாறையும் அதிகம். அங்கே பறங்கியர் வந்ததும் துடுப்பு வலிக்கிற சிறிய கலங்களில்தான். அப்படியென்றால் உங்கள் கதையில் துடுப்பு வலிப்பவன் முக்கியமான ஆள் ஆகிவிடுகிறான். அவன் முதுகு, கை, தாகம் எல்லாம் கதைக்குள் வரவேண்டும்.

அடுத்தது காற்று. இதை விட்டால் எதுவுமே நிற்காது. வாடைக்காற்று எப்போது, கொண்டல் காற்று எப்போது, கச்சான் காற்று எப்போது என்று கரையில் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் காலண்டரில் உங்கள் கதை மாதத்தைப் பாருங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1544 ஜூன் மாதம் வடக்கிருந்து வந்த வடுகர் (தெலுங்கர்) படை தாக்கியதில் கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையோர மக்களான பரதவர்கள் கடல் பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் ஜனம் செத்துக்கொண்டிருந்தது. சேசு சபைப் பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் இருபது தோணிகளோடு உதவிக்குக் கிளம்பினார். போய்ச் சேர முடியவில்லை. துடுப்புப் போட்டும், கயிறு கட்டி இழுத்தும் எதிர்க்காற்றை மீற முடியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜூனில் தென்மேற்கு நோக்கிப் போனால் அப்படித்தான் ஆகும். பசியில் கிடக்கும் ஜனத்துக்கும் சோற்றுத் தோணிக்கும் நடுவில் நிற்பது வாள் ஏந்திய எதிரி அல்ல, வெறும் காற்று. இப்படி ஒரு காட்சி கையில் இருக்கும்போது பீரங்கிச் சத்தத்துக்கு என்ன அவசரம்?

இனி மதம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், ஒரு மதத்தை நல்லவனாகவும் இன்னொன்றைக் கெட்டவனாகவும் ஆக்கிவிடுகிறார்கள். வேதாளைக்கு வந்த படையையே பாருங்கள். அனுப்பியது கள்ளிக்கோட்டையை ஆண்ட சாமூதிரி என்ற இந்து அரசர், நடத்தியவர்கள் முஸ்லிம் மரைக்காயர்கள், போகவிருந்தது இலங்கையில் சீதாவாக்கையை ஆண்ட மாயாதுன்னை என்ற சிங்கள அரசனுக்கு உதவியாக, அதுவும் அவன் சொந்த அண்ணனை எதிர்த்து. அந்த அண்ணனுக்குத் துணை போர்த்துக்கீசியர். இதை எந்தக் கோட்டைப் போட்டு மதவாரியாகப் பிரிப்பீர்கள்?

வயிற்றுப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் என்ற தகராறு இருந்தது. பரதவர்கள் பாதுகாப்புத் தேடிக் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரிடம் போனார்கள், 1530களில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். மரைக்காயர் பக்கம் வந்து பாருங்கள்: கர்த்தாஸ் என்ற போர்த்துக்கீசிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலும் சரக்கும் பறிபோகும், தலைமுறையாக ஓடிய கடலில் போக நேற்று வந்தவனிடம் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் கோபப்பட நியாயம் இருக்கிறது. இரண்டையும் அதே சூட்டோடு எழுத முடிந்தால்தான் இந்தக் கதையைத் தொட வேண்டும் என்பேன்.

இன்னொன்று, 1538ல் உங்கள் பரதவ நாயகன் பக்கம் பக்கமாக வேதம் பேசக் கூடாது. 1542ல் வந்த சவேரியார் அங்கிருந்தவர்களிடம் விசுவாசம் பற்றிக் கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மௌனத்தை எழுதுங்கள். பெயர் மாறியிருக்கிறது, மனசுக்குள் பழைய சாமியும் இருக்கிறது, ராத்திரி கடலில் பயம் வந்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்?

பொருட்களில் கவனம் வேண்டும். 1530ல் கரை வீட்டு மீன் குழம்பில் மிளகாய் வராது, மிளகுதான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொற்கள், அவற்றை அவர்கள் காலடி வைக்காத ஊர்க் கிழவியின் வாயில் போடாதீர்கள். படகின் முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று கரைக்காரர்கள் சொல்வதையே எழுதுங்கள். முத்துக்குளிப்பு நடக்கிற கரை என்றால் நாற்றத்தையும் எழுத வேண்டும். எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள், சதை அழுகிய பிறகுதான் அலசி முத்துத் தேடுவார்கள். ஈ மொய்க்கும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுதான் வணிகன் பேரம் பேசுவான், பாதிரி ஜெபம் சொல்வார், சிப்பாய் காவல் நிற்பான். ராணியின் கழுத்து முத்து மாலையைவிட இந்த வாடை கதைக்கு அதிகம் உதவும்.

படிப்பதற்கு மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் சேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் பாதிரிமார் கடிதங்கள் ஒரு பக்கத்துக் குரல். பொன்னானி ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் அதே நூற்றாண்டில் அரபியில் எழுதியதன் மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே கடல் இரண்டு பேர் எழுத்திலும் வேறு வேறு கடலாக இருக்கும்.

சண்டைக் காட்சியை எழுதும்போது மேலே இருந்து வரைபடம் பார்ப்பதுபோல எழுதாதீர்கள். ஒரே ஆளின் கண் போதும். முதல் வெடிக்குப் பிறகு அவனுக்குப் புகைதான் தெரியும், காது அடைத்துவிடும், பக்கத்தில் இருந்தவன் துடுப்பு ஏன் நின்றது என்று திரும்பிப் பார்ப்பான். ஜெயித்தது யார் என்பது அவனுக்கு மறுநாள்தான் தெரியட்டும்.

எழுதி முடித்ததும் கரைக்கு மறுபடியும் போங்கள். ஒரு கிறிஸ்தவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு முஸ்லிம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து அதே அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் அவர்கள் முகம் மாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே திருத்தத்தை ஆரம்பித்து விடலாம்.