கிளியர் பாலிஷை ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

தேக்குக் கதவை ஆசாரி இழைத்து முடித்ததும் பாலிஷ்காரர் வந்து கேட்பார்: "மெலமைனா, பி.யூ.வா, இல்ல பழைய ஸ்பிரிட் பாலிஷே போதுமா சார்?" மூன்றுமே மரம் தெரியும்படி பூசும் கிளியர் பாலிஷ்கள்; மெலமைனும் பி.யூ.வும் (பாலியூரித்தேன்) செயற்கைப் பிசின் வகை, ஸ்பிரிட் பாலிஷ் அரக்கில் செய்வது. நாம் விலையை விசாரிப்போம், எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்போம். நிறத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எல்லாமே கிளியர்தானே, மரம் எப்படியும் மரமாகத்தானே தெரியும் என்கிற நினைப்பு. முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இழைத்த மரம் வெளிறித் தெரிவதற்குக் காரணம், மேற்பரப்பில் உள்ள நுண்துளைகளும் கீறல்களும் வெளிச்சத்தைச் சிதறடிப்பது. பூச்சு அந்த இடுக்குகளில் புகுந்து காற்றை வெளியேற்றியதும் சிதறல் குறைகிறது. வெளிச்சம் மரத்துக்குள் சற்று இறங்கி, அதன் நிறத்தோடு திரும்பி வருகிறது. ஆற்றுக் கூழாங்கல் நனைந்தால் கறுத்துத் தெரிவதும் இதனால்தான். ஆக, எதைப் பூசினாலும் மரம் கொஞ்சம் கறுக்கும். எந்த அளவுக்கு ஊறுகிறது, தனக்கென்று நிறம் வைத்திருக்கிறதா என்பவற்றில்தான் பூச்சுக்குப் பூச்சு வேறுபாடு.

ஆளிவிதை எண்ணெய் நன்றாக ஊறி, ரேகைகளை எடுத்துக்காட்டி, மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும். வருஷம் போகப் போக இன்னும் கறுக்கும். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பாலிஷில் எல்லாம் அரக்கின் தரத்தைப் பொறுத்தது. வெளுத்த அரக்கு கிட்டத்தட்ட நிறமற்றது. ஆரஞ்சு அரக்கு செம்மஞ்சள் சாயலோடு மரத்தைச் சூடாகக் காட்டும். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் முதல் நாளே லேசான மஞ்சள். தண்ணீரில் கலக்கும் பி.யூ. பைன், ரப்பர் மரம் போன்ற வெளிர் மரங்களை வெளிராகவே வைத்திருக்கும். அதையே ஈட்டி போன்ற இருண்ட மரத்தில் அடித்தால் உயிரில்லாமல், லேசாகச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். இருண்ட மரத்துக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

பி.யூ. என்று கேட்டு வாங்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் வகையிலேயே இரண்டு உண்டு. வெயில் பட்டால் மஞ்சளாகும் ஆரோமேட்டிக் வகை ஒன்று, நிறம் அவ்வளவாக மாறாத அலிஃபாட்டிக் வகை மற்றொன்று. இரண்டாவதற்கு விலை கூடுதல். அடித்த அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஜன்னலோர அலமாரிக்கும் வெயில் விழும் கதவுக்கும் 'நான்-யெல்லோயிங்' என்று குறிப்பிட்டே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கடையில் காட்டும் மாதிரிப் பலகையை நம்பி முடிவெடுப்பது. அது எந்த மரம், எந்த உப்புத்தாளால் தேய்த்தது, கீழே சீலர் என்கிற அடிப்பூச்சு எத்தனை கை (எத்தனை முறை) என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் கதவுக்கு அறுத்த அதே மரத்தில் மிஞ்சிய துண்டை ஆசாரியிடம் கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஒன்றில் வைரமும் (கறுத்த நடுமரம்) இன்னொன்றில் வெள்ளையும் (வெளிறிய ஓரமரம்) இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது மரத்தைத்தான், பூச்சை அல்ல. முழுத் துண்டையும் ஒரே எண் உப்புத்தாளால் தேய்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையை ஒன்றும் பூசாமல் விடுங்கள். 120-ல் நிறுத்திய இடம் 320 வரை தேய்த்த இடத்தைவிட எண்ணெயை அதிகம் குடித்துக் கூடுதலாகக் கறுக்கும். குறுக்குவெட்டு முகம் இன்னும் கறுப்பு.

ஒரு கை அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சீலர், நடுவில் தேய்ப்பு, கடைசிக் கை என்று கதவுக்குச் செய்யப்போகிற அத்தனையும் துண்டிலும் நடக்க வேண்டும். மெலமைனில் இது நன்றாகத் தெரியும்: முதல் கையில் ரேகையின் குழிகள் திறந்தே இருக்கும், கை ஏற ஏறக் குழி நிரம்பிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு, தேக்கின் குழி கொஞ்சம் தெரிந்தால்தான் தேக்கு.

ஈரத்துணியால் துடைத்து, "இந்தக் கலர்தான் வரும்" என்று காட்டுவது வழக்கம். தண்ணீர் பட்டால் மரநார் எழுந்து நிற்கும், அப்புறம் திரும்பவும் தேய்க்க வேண்டும். வேங்கையாக இருந்தால் மஞ்சள் சாயமே இறங்கும். அதற்குப் பதில் டர்பன்டைனைத் தொட்டுத் துடைக்கலாம். ஆனால் அது காட்டுவது நிறமற்ற பூச்சின் தோற்றத்தை மட்டுமே. அரக்கின் செம்மஞ்சளையும் வார்னிஷின் மஞ்சளையும் நீங்கள் கற்பனையில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேட் ஃபினிஷில் நடக்கும் தவறு வேறு ரகம். மினுமினுப்பைக் குறைக்கப் போடும் சிலிக்கா தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் மாதிரி பளபளக்கும், டப்பாவின் அடிக்குப் போகப் போகக் கதவு மங்கும். எல்லாக் கையும் மேட்டாகவே அடித்தால் இருண்ட மரத்தில் ரேகைக்கு மேல் புகைமூட்டம்போல் படியும். கீழே பளபளப்பான கிளாஸ் ஃபினிஷை அடித்து, கடைசிக் கையை மட்டும் மேட்டாக விட்டால் ரேகை தெளிவாக இருக்கும்.

முதல் நாள் நிறத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. புதிதாக இழைத்த தேக்கில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் பொன் பழுப்பாகச் சமன்படும். பலா மஞ்சளில் தொடங்கிப் பழுப்புக்குப் போகும். கிளியர் பூச்சு இதை நிறுத்தாது. அதனால் மாதிரித் துண்டின் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் வைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பார்க்கும்போதும் கதவு நிற்கப்போகும் இடத்தில், நிற்கிற மாதிரியே செங்குத்தாக வைத்து, பகலில் ஒரு முறை, விளக்கு போட்டு ஒரு முறை பாருங்கள். மஞ்சள் எல்.இ.டி.யின் கீழ் எல்லாப் பூச்சும் அழகுதான். பிடித்ததைத் தேர்ந்த பிறகு துண்டைத் தூக்கிப் போடாமல், பின்புறத்தில் பூச்சின் பெயர், உப்புத்தாள் எண், எத்தனை கை, தேதி எல்லாவற்றையும் எழுதிப் பரணில் வையுங்கள். பின்னால் கீறலுக்கு டச்-அப் செய்ய வருகிறவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.