மதிப்பீட்டில் விடுபட்ட அறை

குறைந்த வட்டிக்கு வீட்டுக் கடனை மாற்ற விண்ணப்பித்தேன். வீட்டின் மதிப்பீடு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. கடன் 72, வீட்டு மதிப்பு 90 என்றால், மதிப்பில் கடனின் விகிதம் 80 சதவீதம். மதிப்பு 80 ஆக இறங்கினால் அதே கடன் 90 சதவீதமாகிவிடும். ஏறக்குறைய அதுதான் என் நிலை. விகிதம் வரம்பைத் தாண்டியதால் பேசிய வட்டி கைநழுவும் போலிருந்தது.

மதிப்பீட்டாளர் வருமுன் நான் செய்ததெல்லாம் வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கியதுதான். திரைச்சீலைகூடப் புதிது! அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அளந்தார், படம் எடுத்தார், போய்விட்டார்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படித்தேன். பின்பக்கம் முறையான அனுமதியோடு கட்டிய அறை பரப்பளவில் சேரவே இல்லை. கூரையை மாற்றியதும் பதிவாகவில்லை. மதிப்பைக் கணிக்க ஒப்பீட்டுக்கு எடுத்த, விற்பனையான வீடுகளில் ஒன்று பழுதோடு விற்கப்பட்டது.

அனுமதி பெற்ற வரைபடம், கூரை வேலைக்கான ரசீது, அண்மையில் விற்ற ஒத்த வீடுகள் இரண்டின் விவரம் ஆகியவற்றைச் சேர்த்து, கடன் கொடுப்பவர் வழியாக மறுபரிசீலனை கேட்டேன். மதிப்பீட்டாளரிடம் நேரே பேரம் பேசுவது முறையல்ல. அதனால் "இவ்வளவு மதிப்பு வேண்டும்" என்று எழுதவில்லை. பிழைகளை மட்டும் பக்க எண்ணோடு சுட்டினேன்.

பரப்பளவைத் திருத்தினார்கள், கூரையையும் சேர்த்தார்கள். அந்தப் பழுதான வீட்டை மட்டும் ஒப்பீட்டிலிருந்து நீக்கவில்லை. ஆனாலும் விகிதம் வரம்புக்குள் வந்து கடன் கிடைத்தது. முதல் நாளே அந்தக் காகிதங்களை மதிப்பீட்டாளர் கையில் கொடுத்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.