இழப்பீடு கேட்கும் முன் பழைய புகாரைத் தேடுங்கள்

சாலைப் பள்ளத்தால் வண்டி சேதமடைந்து நகர நிர்வாகத்திடம் இழப்பீடு கோருவதாக இருந்தால், அதே பள்ளத்தைப் பற்றி வேறு யாரேனும் முன்பே புகார் அளித்திருக்கிறார்களா என்று நிர்வாகத்தின் புகார்ப் பதிவில் தேடி, அதன் எண்ணையும் தேதியையும் மனுவில் சேர்த்துவிடுங்கள். பள்ளம் இருந்தது என்று படம் காட்டுவது பெரும்பாலும் போதாது. அது தெரிந்திருந்தும், சரிசெய்யப் போதிய அவகாசம் இருந்தும், நிர்வாகம் அப்படியே விட்டுவிட்டது என்பதே கோரிக்கைக்கு உயிர். நியூயார்க் நகரச் சட்டப்படி, எழுத்துமூலம் தகவல் கிடைத்த 15 நாட்களுக்குள் சரிசெய்யத் தவறியிருந்தால்தான் பொதுவாக நகரம் பொறுப்பேற்கும்.

நகர நிர்வாகத்தின் வாகனமே வந்து மோதியிருந்தால் இந்தத் தேடல் வேண்டியதில்லை. சாலை வேறு துறையுடையது என்றால் மனுவே அங்குதான் போக வேண்டும். தேடலைச் சாக்காக வைத்து மனுவை மட்டும் தாமதிக்காதீர்கள். நியூயார்க்கில் அதற்கான கெடு வெறும் 90 நாட்கள்.